சினிமா, செல்போன், செபம்: கத்தோலிக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்பவர்களில் பலர் "கூடுமா, கூடாதா" என்ற ஒற்றை வரிப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அப்படிப் பதில் இருக்கும் இடங்களில் அதை நேராகச் சொல்லியிருக்கிறேன். மற்ற இடங்களில் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பார்க்கக் கூடாத படங்கள், படிக்கக் கூடாத புத்தகங்கள் என்று திருச்சபை பட்டியல் வைத்திருக்கிறதா?

இன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் வெளிவந்தது. பல பதிப்புகள் கண்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தப் பட்டியல், 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் சட்டம் என்ற தகுதியை இழந்தது.

சினிமா வந்தபோதும் முதலில் அதே வழியில்தான் போனார்கள். 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் சினிமாவுக்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். எந்தப் படத்தை எல்லோரும் பார்க்கலாம், எது பெரியவர்களுக்கு மட்டும், எது கூடவே கூடாது என்று வகை பிரித்துச் சொல்ல ஒவ்வொரு நாட்டிலும் ஆயர்கள் ஓர் அலுவலகம் அமைக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். நல்ல படத்துக்கு மனிதரை உயர்த்தும் ஆற்றல் உண்டு என்றும் அதே மடல் சொல்கிறது. அந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1963 டிசம்பர் 4 அன்று, உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஆணையை வெளியிட்டது. படிப்பவரும் பார்ப்பவரும் கேட்பவரும் தாங்களே தேர்ந்தெடுக்கிறவர்கள், ஆகவே அவர்களுக்கென்று தனிக் கடமை இருக்கிறது என்று அது சொன்னது. 1995இல் சினிமாவுக்கு நூறு வயது ஆனபோது வத்திக்கானிலிருந்து மறுபடி ஒரு பட்டியல் வந்தது. 45 படங்கள், சமயம், வாழ்வின் விழுமியங்கள், கலை என்று மூன்று பிரிவு, பிரிவுக்குப் பதினைந்து. இந்த முறை அத்தனையும் பாருங்கள் என்று சொல்லித் தந்தவை. அவற்றை எடுத்த இயக்குநர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் உண்டு.

அப்படியானால் ஒரு படத்தையோ வெப் சீரிஸையோ பார்க்கலாமா வேண்டாமா என்று நானே எப்படி முடிவு செய்வது?

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழிகாட்டி, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. சொந்த ஊரான லொயோலாவுக்குத் தூக்கி வந்தார்கள். எலும்பு சரியாகக் கூடாமல் துருத்திக்கொண்டு நின்றதால், அந்தக் காலத்துச் சீமான்கள் அணியும் இறுக்கமான காலணியைப் போட முடியாதே என்று கவலைப்பட்டு, அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்ன மனிதர் அவர். மயக்க மருந்து இல்லாத காலம்.

படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைகளைப் படிக்கக் கேட்டார். வீட்டில் ஒன்றும் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். நடுநடுவே தான் மனதில் வைத்திருந்த ஒரு பெருங்குடிப் பெண்ணுக்காக என்னென்ன சாகசம் செய்யலாம் என்று மூன்று நான்கு மணி நேரம் கனவு காண்பார். அப்புறம் புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்து போனால் என்ன என்றும் கனவு காண்பார். இரண்டுமே அந்தந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்த பிறகு மனம் வறண்டு சலித்துப்போனது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வேறுபாடு ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. பிற்பாடு அவர் கற்றுத்தந்த தெளிந்து தேர்தல் முறை முழுவதற்கும் அதுதான் தொடக்கம்.

நமக்கும் அதே சோதனை போதும். ஒரு படம் ஓடும்போது எவ்வளவு ரசித்தோம் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முடிந்து அரை மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில், உங்களுக்குள் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கூடுதல் கனிவா, எரிச்சலா? செபிக்க உட்கார்ந்தால் மனம் வருகிறதா, இன்னும் அந்தக் காட்சியிலேயே நிற்கிறதா? சோகமான படம்கூட நல்லதை விட்டுச் செல்லும். கலகலப்பான படம் வெறுமையை விட்டுச் செல்வதும் உண்டு. ஆகவே படத்தின் வகையை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தன்னிலேயே தீயது என்று தெரிந்த ஒன்றை "பார்த்துவிட்டு மனதைச் சோதித்துக்கொள்கிறேன்" என்று தொடக் கூடாது. இஞ்ஞாசியாரின் முறை நல்லவற்றுக்கும் நடுநிலையானவற்றுக்கும் இடையே தேர்ந்தெடுப்பதற்கானது.

ஆபாசப் படங்கள்? திருமணமானவர்கள் பார்க்கலாமா?

கூடாது, மணமானவர்களுக்கும் சரி, ஆகாதவர்களுக்கும் சரி. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் மறைக்கல்வி ஏடு, எண் 2354இல் இதைக் கனமான பாவம் என்கிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் என்று சம்பந்தப்பட்ட எல்லோருடைய மாண்பையும் அது காயப்படுத்துகிறது, ஒருவர் இன்னொருவரின் கீழ்த்தர இன்பத்துக்கான பொருளாகிறார் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். இந்தப் பழக்கத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வெட்கப்பட்டுக்கொண்டு ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, தள்ளிப்போடாதீர்கள். உங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக வரவேற்கத்தான் குருவானவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அடிமைத்தனம் என்ற அளவுக்குப் போயிருந்தால் மனநல ஆலோசகரிடமும் போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது.

வன்முறைப் படங்களும் கேம்களும் வெறும் கற்பனைதானே? அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?

கற்பனைதான். கதையில் கொலை வருவதாலேயே அது பாவம் ஆகிவிடாது. விவிலியத்திலும் கொலைகள் வருகின்றன. நான் கேட்பது, அந்த இரத்தத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை.

புனித அகுஸ்தினார் தன் நண்பர் அலிப்பியுசுக்கு நேர்ந்ததை எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க ரோமைக்குப் போன அலிப்பியுசுக்கு மனிதரோடு மனிதர் மோதிச் சாகும் அரங்கக் காட்சிகள் பிடிக்காது. ஒருநாள் உடன் படிப்பவர்கள் வலுக்கட்டாயமாக அவரை இழுத்துப் போனார்கள். "என் உடம்பைத்தான் இழுத்துப் போகலாம், மனதையும் கண்ணையும் அங்கே திருப்ப உங்களால் முடியாது" என்ற பொருளில் சவால் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். சண்டையில் யாரோ விழுந்தான். கூட்டம் மொத்தமும் ஓவென்று கத்தியது. காதை மூடாமல் விட்டுவிட்டாரே! என்னதான் நடந்தது என்று பார்க்கும் ஆசையில் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். பார்வையைத் திருப்ப முடியவில்லை. அந்தக் கொடூரத்தை உறிஞ்சிக் குடித்தார் என்கிறார் அகுஸ்தினார். உள்ளே போன மனிதர் வேறு, வெளியே வந்தவர் வேறு. மறுபடி மறுபடி போனார், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். பிற்பாடு மனம் மாறி, தகாஸ்தே நகரின் ஆயரும் ஆனார் என்பது நமக்கு ஆறுதல்.

அன்று அரங்கில் செத்தவர்கள் உண்மை மனிதர்கள், இன்று திரையில் விழுபவர்கள் நடிகர்கள். அந்த வேறுபாடு பெரியது. ஆனால் அலிப்பியுசை மாற்றியது கூட்டத்தின் கத்தல். நாம் எதற்குக் கைதட்டப் பழகுகிறோம், யார் அடிபடும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்று கவனியுங்கள். நிஜமான விபத்துகள், அடிதடிகள் வீடியோவாக வந்து விழும்போது, அரங்கத்துக்கும் நமக்கும் இடையிலிருந்த அந்த வேறுபாடும் போய்விடுகிறது. அவற்றைப் பார்க்காமலும் பகிராமலும் இருப்பது நல்லது.

பேய்ப் படங்கள்?

பயப்படுவதை ரசிப்பது பாவம் இல்லை. ஆவிகளை அழைப்பது, குறி கேட்பது போன்றவற்றை வீட்டில் "சும்மா விளையாட்டாக" செய்து பார்ப்பதுதான் கூடாது. பேயோட்டுதலைப் பற்றிப் படங்கள் காட்டுவதற்கும் உண்மைக்கும் தூரம் அதிகம். திருச்சபைச் சட்டம் 1172ன்படி ஆயரின் வெளிப்படையான, தனிப்பட்ட அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே முறையான பேயோட்டும் சடங்கைச் செய்யலாம். இது நோயா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று மறைக்கல்வி ஏடு வலியுறுத்துகிறது. மனநோயால் துன்புறும் ஒருவரைப் படத்தில் பார்த்ததை வைத்துப் பேய் பிடித்தவர் என்று சொல்வது பெரிய கொடுமை.

நேரத்தைப் படத்திலும் விளையாட்டிலும் செலவிடுவதற்குப் பதில் செபிக்கலாமே?

செபிக்க வேண்டிய நேரத்தில் செபியுங்கள். ஆனால் ஓய்வும் சிரிப்பும் கடவுளிடமிருந்து திருடிய நேரம் என்று நினைப்பது கத்தோலிக்க எண்ணம் கிடையாது. புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு பழங்கதையைச் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தன் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டு அம்பு விடச் சொன்னார். அவர் பலமுறை விட்டார். இப்படியே விடாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார் யோவான். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றார் யோவான்.

தாமஸ் அதோடு நிற்கவில்லை. தானும் சிரிக்காமல் மற்றவர் சிரிப்பையும் கெடுப்பது ஒரு குறை என்றே எழுதியிருக்கிறார். சிடுசிடுப்பைப் பக்தி என்று நினைக்கும் நம்மில் சிலர் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதே நேரத்தில், களைப்பு தீர உட்கார்ந்தவர் இரவு இரண்டு மணிக்கு முன்னைவிடக் களைத்துப்போய் எழுந்தால், அதற்கு ஓய்வு என்று பெயர் கிடையாது.

ஞாயிறு திருப்பலியை யூடியூப்பில் பார்த்தால் கணக்கில் சேருமா?

கோவிலுக்குப் போக முடிந்தவருக்குச் சேராது. முடியாதவருக்கு அந்தக் கடமையே இல்லை. படுக்கையில் இருப்பவர், அவரை விட்டு நகர முடியாமல் பார்த்துக்கொள்பவர், கைக்குழந்தையோடு தவிக்கும் தாய் ஆகியோர் பாவம் செய்துவிட்டோமோ என்று கலங்க வேண்டியதில்லை. அவர்களுக்கு நேரலைத் திருப்பலி பெரிய ஆறுதல். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தது அசிசியின் புனித கிளாராவை. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நோயால் எழுந்து கோவிலுக்குப் போக முடியாமல் கிடந்த அவர், அங்கே நடந்த வழிபாட்டைத் தன் படுக்கையிலிருந்தே கண்டார், கேட்டார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. போக முடியாத ஒருவருக்குக் கிடைத்த அருள் அது. போக முடிந்தும் சோபாவில் சாய்ந்துகொள்பவருக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

வேலையால் ஞாயிறு முடியாது என்பவர்களுக்கு: சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது.

போனிலோ வீடியோ காலிலோ பாவசங்கீர்த்தனம் செய்யலாமா? படங்களில் காட்டுவது போல குருவானவர் போலீசிடம் சொல்லிவிடுவாரா?

முதல் கேள்விக்கு, முடியாது. 2002இல் வத்திக்கான் வெளியிட்ட இணையம் பற்றிய ஏட்டில், இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. குருவானவரிடம் போனில் ஆலோசனை கேட்கலாம், மனம் விட்டு அழலாம். பாவமன்னிப்புக்கு மட்டும் நேரில் வர வேண்டும்.

இரண்டாவது கேள்வி சினிமாவால் வந்தது. கொலைகாரன் ஒப்புக்கொள்கிறான், குருவானவர் தவிக்கிறார், கடைசியில் சூசகமாகவாவது காட்டிக்கொடுக்கிறார் என்ற கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டார்கள். நிஜத்தில் சூசகத்துக்கும் இடமில்லை. சொல்லாலோ சைகையாலோ, எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது சட்டம் 983. நேரடியாக இந்த இரகசியத்தை உடைக்கும் குருவானவர் அந்தக் கணமே திருச்சபையின் உறவிலிருந்து தானாக விலக்கப்பட்டவர் ஆகிறார். கேட்டதைப் பற்றி உங்களிடமே பிறகு பேச்செடுக்க உங்கள் அனுமதி வேண்டும். பயத்தால் ஆண்டுக்கணக்கில் வராமல் இருப்பவர்கள் இதை நம்பி வரலாம்.

"இந்தச் செபத்தைப் பத்து பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்பாவிட்டால் தவறா?

அழித்துவிடுங்கள். நிம்மதியாக அழித்துவிடுங்கள். செபத்தின் பலன் எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்ற எண்ணிக்கையில் இருக்கிறது என்று நம்புவதுதான் மூடநம்பிக்கை. நம் தந்தையாகிய கடவுள் மிரட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுபவர் இல்லை. இப்படி ஒரு செய்தி வயதானவர்களையும் நோயாளிகளையும் எவ்வளவு கலங்கடிக்கிறது என்று கண்ணால் பார்த்ததால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இன்னொன்று: "திருத்தந்தை சொன்னது" என்று வரும் அழகான வாசகங்களில் பல அவர் சொல்லாதவை. 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் பளபளப்பான வெள்ளைக் குளிர்கோட்டு அணிந்து நடப்பது போன்ற படம் உலகமெங்கும் பரவியது. செயற்கை நுண்ணறிவு வரைந்த போலிப் படம் அது. நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் பொய் பொய்தான். பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை ஃபார்வர்டு பட்டனுக்கும் பொருந்தும்.

ராசிபலன் பொழுதுபோக்காகப் பார்க்கலாமா?

வேண்டாம். ராசிபலன், ஜாதகம், கைரேகை, குறி எல்லாவற்றையும் மறைக்கல்வி ஏடு எண் 2116 பெயர் சொல்லியே விலக்குகிறது. நம்பாமல்தான் பார்க்கிறேன் என்பவர்கள், மோசமான பலன் வந்த நாளில் தங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனித்தால் போதும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு, லாட்டரி?

சூதாட்டம் தன்னிலேயே நீதிக்கு எதிரானது என்று திருச்சபை சொல்வதில்லை. தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் தேவையான பணத்தை அது பறிக்கும்போது தவறாகிறது, அடிமைத்தனமாக மாறும் ஆபத்தும் உண்டு என்கிறது மறைக்கல்வி ஏடு எண் 2413. போனில் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சூதாட்டத்தில் அந்த ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் கருத்து: தொடங்காதீர்கள்.

நம் விசுவாசத்தைக் கேலி செய்யும் படம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், உண்மையிலேயே கேலி செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கெட்ட குருவானவர் கதாபாத்திரமாக வருவது திருச்சபையைத் தாக்குவது ஆகாது. கெட்ட குருக்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களால் காயப்பட்டவர்கள், சிறு பிள்ளைகள் உட்பட, இருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்பவரின் வாயை மூட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கேட்க வேண்டிய அவசியம்தான் இருக்கிறது.

உண்மையிலேயே புனிதமானதை இழிவுபடுத்துகிறது என்றால், வருத்தத்தைத் தெளிவாகச் சொல்லலாம், பார்க்காமல் இருக்கலாம், சட்டம் அனுமதிக்கும் வழியில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வசைபாடுவதும் மிரட்டுவதும் கூடாது. ஆண்டவரைக் கைது செய்ய வந்தபோது பேதுரு வாளை உருவினார். "உறையில் போடு" என்றார் ஆண்டவர்.

சமூக ஊடகச் சண்டைகளுக்கும் இதே பதில்தான். இன்னொருவர் சொன்னதற்கு முடிந்தவரை நல்ல பொருள் கொள்ள வேண்டும் என்று இஞ்ஞாசியார் எழுதியதை மறைக்கல்வி ஏடு எண் 2478 எடுத்துக்காட்டுகிறது. முடியவில்லை என்றால் அவரிடமே எப்படிப் புரிந்துகொள்வது என்று கேள், அவர் தவறாகப் புரிந்திருந்தால் அன்போடு திருத்து என்று அந்த வரிகள் தொடர்கின்றன. கமெண்ட் எழுதும் முன் இந்தப் படிகளை ஏறிப் பார்த்தால் பாதிக் கமெண்டுகள் எழுதப்படாமலே போகும்.

வத்திக்கான் இரகசியங்கள், அறிவியலை ஒடுக்கும் திருச்சபை என்று நாவல்களும் படங்களும் காட்டுவது உண்மையா?

கதையாக ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "இரகசிய ஆவணக்காப்பகம்" என்று பெயர் பெற்ற இடத்தை 1881இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெயரிலிருந்தும் அந்தச் சொல்லை நீக்கினார்.

அறிவியலைப் பொறுத்தவரை, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலேயோவுக்கு இழைக்கப்பட்டது தவறு, அதை மழுப்பக் கூடாது. 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் அது மட்டுமே கதை கிடையாது. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்தர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமெத்தருக்கு அது பிடிக்கவில்லை. அறிவியல் கருதுகோளை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. எவ்வளவு ஆரோக்கியமான விசுவாசம்! "விஞ்ஞானமே பைபிளை நிரூபித்துவிட்டது" என்று வரும் வீடியோக்களைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பச்சை குத்திக்கொள்ளலாமா?

விவிலியத்தில் லேவியர் 19:28 தடுக்கிறதே என்று கேட்பார்கள். அதற்கு முந்தைய வசனம் தாடி ஓரத்தைச் சிரைக்கக் கூடாது என்கிறது. இவை பழைய உடன்படிக்கையின் சடங்குச் சட்டங்கள், நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை. எதைக் குத்துகிறீர்கள், ஏன் என்பதை யோசியுங்கள். பெற்றோர் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் அவர்களிடமும் பேசுங்கள்.

கோவில் திருமணத்தில் எங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் பாடலாமா?

திருப்பலிக்குள் வேண்டாம், வரவேற்பில் தாராளமாக. திருமணச் சடங்கு ஒரு வழிபாடு. அங்கே பாடப்படுவது செபமாக இருக்க வேண்டும். பாடகர் குழுவோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால் மனதுக்குப் பிடித்த நல்ல பாடல்கள் நிச்சயம் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் விசுவாசம் பற்றிக் கேட்கலாமா?

தகவலுக்குக் கேட்கலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது குறித்து 2025 ஜனவரியில் வத்திக்கான் ஒரு விரிவான ஏடு வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ தன் பெயர்த் தேர்வை விளக்கியபோது, தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளர்களுக்காக 1891இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்றைய செயற்கை நுண்ணறிவும் அதே போன்ற சவால் என்றார். துக்கத்திலும் குற்ற உணர்விலும் இருப்பவர் பேச வேண்டியது ஒரு மனிதரிடம். அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருந்தால் நீங்களே முதலில் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் போனும் கேமும் எந்த அளவுக்குக் கொடுக்கலாம்?

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குதிஸ் 1991இல் பிறந்து, பதினைந்து வயதில், 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த சிறுவர். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையதளம் உருவாக்கியவர். அவரிடம் வீடியோ கேமும் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டாராம். அசிசியில் அவருடைய உடல் ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியும் அணிந்தபடி வைக்கப்பட்டிருக்கிறது.

"கார்லோவைப் பார், ஒரு மணி நேரம்தான்" என்று அந்தக் கணக்கைப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைக்காதீர்கள். அந்த வரம்பை வைத்தது அவரே. அன்றாடத் திருப்பலியும் செபமாலையும் பிடித்துப்போன பையன், மற்றதற்கு எவ்வளவு நேரம் என்று தானாக முடிவு செய்தார். நம் பிள்ளைக்கு எது பிடித்துப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அதை வீட்டில் நாம் விரும்பிச் செய்வதை அவள் பார்க்கிறாளா? அப்பா கையில் போனோடு செபமாலை சொன்னால் பிள்ளைகள் போனைத்தான் கவனிப்பார்கள்.

சின்ன வயதில் வரம்பு நீங்கள்தான் வைக்க வேண்டும், அதில் கூச்சப்படாதீர்கள். சாப்பிடும் இடத்திலும் படுக்கை அறையிலும் போன் வேண்டாம் என்ற விதி பெரியவர்களுக்கும் சேர்த்து இருந்தால் சண்டை குறையும். வளர வளரக் கூட உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் ஆடும் கேமை ஒருமுறை ஆடிப் பாருங்கள், தோற்றுப் போங்கள். பார்த்து முடித்ததும் "இது நல்லதா கெட்டதா" என்று தீர்ப்புக் கேட்காமல், "யாரைப் பிடித்தது, ஏன்?" என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.